சட்டை செய்யாத சமுதாயம்

“ஆள் பாதி, ஆடை பாதி” என்பார்கள். அந்த ஆடைப் பாதியை இன்னாருக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள். அளந்த அளவுக்கு மேல் ஒரு முழம் கூடினால் அடித்துக் களைந்தவர்களும் இருந்தார்கள். ஆடையின் வரலாறு அழகின் வரலாறு என்று எண்ணுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. நாம் புரட்டுவோம். அதுவும் பெரியவர்களின் உடையை விட்டுவிட்டு, சின்னஞ்சிறு பையன்களின் சட்டையையும் கோட்டையும் எடுத்துக்கொண்டு புரட்டுவோம். ஏனெனில், பெரியவன் தன் உடையைத் தானே தேர்ந்துகொள்கிறான். சிறுவனுக்கோ சமுதாயம் உடுத்திவிடுகிறது. சமுதாயத்தின் உள்ளம் சிறுவனின் உடையில்தான் ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இன்று ஒரு திருமண மண்டபத்துக்குள் நுழைந்து பாருங்கள். வரவேற்பு மேடையில் மணமகன் கோட்டும் சூட்டுமாக நிற்பான். அவனை அப்படியே சுருக்கி வைத்ததுபோல் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் பக்கத்தில் நிற்பான். கழுத்தில் ‘போ’, மார்புப் பையில் எட்டிப் பார்க்கும் கைக்குட்டை, மேலே பளபளக்கும் கோட்டு! வெளியே சித்திரை வெயில் பாரன்ஹீட் 100 பாகையைத் தாண்டிக் கொளுத்தும். பிள்ளையின் நெற்றியிலே வியர்வை வழியும். பெற்றவளின் கண்ணிலே பெருமை வழியும்.

“வெள்ளைக்காரன் போனான், அவன் கோட்டு போகவில்லை” என்று சிரிப்பவர் உண்டு. “பிள்ளை துரைபோல் இருக்கிறான்” என்று மகிழ்பவரும் உண்டு. பகுத்தறிவாளன் சிரிப்பதற்கு முன்பும் மகிழ்வதற்கு முன்பும் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இந்தக் கோட்டு எங்கிருந்து வந்தது? இதை அணிய விரும்பியவர் யார்? அணியக் கூடாதென்று தடுத்தவர் யார்?

✽

அரியலூர் மாவட்டத்தில்தான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. இராசேந்திரன் எழுப்பிய அந்தக் கோயிலிலே, சண்டேசருக்கு முடிசூட்டும் சிற்பத்தைக் காணாதவர் இரார். மணிமுடி சூட்டப்படும் அந்த உருவத்தின் மேலுடம்பிலே தைத்த சட்டை இல்லை. அணிகலன் உண்டு, அங்கி இல்லை. வெப்ப நாட்டிலே வெற்றுடம்பு வெட்கத்துக்குரியதாகக் கருதப்படவில்லை.

அதனால் தைத்த உடையை நம் முன்னோர் அறியார் என்று பொருளல்ல. முல்லைப்பாட்டிலே பாசறைக் காவலர்களாக வரும் யவனர்கள் ‘மெய்ப்பை’ அணிந்திருந்தார்கள் என்ற செய்தி வருகிறது. மெய்யை இடும் பை! சட்டை என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச்சொல் வேறு வேண்டுமா? புகார் நகரத்தின் தொழிலாளரைச் சொல்லிவரும் சிலப்பதிகாரம், துணி தைக்கும் ‘துன்னகாரரை’யும் மறவாமல் சொல்கிறது. கஞ்சுகம், குப்பாயம் என்ற சொற்களும் நம் ஏடுகளில் உண்டு. சட்டை தெரியும்; தைக்கவும் தெரியும். ஆனால் அது எல்லோருக்கும் உரிய உடையாக இருக்கவில்லை. காவலனுக்கும் ஏவலனுக்கும் அயலானுக்கும் உரிய உடையாக இருந்தது. பையன்களுக்கோ, செல்வர் வீடென்றால் கழுத்திலே ஐம்படைத்தாலி, ஏழை வீடென்றால் இடுப்பிலே அரைஞாண் கயிறு. அவ்வளவே உடை!

எல்லோரும் மேலாடையின்றி இருந்த காலத்தில் அதனால் எவருக்கும் இழிவில்லை. இழிவு எப்போது பிறக்கிறது? “நான் அணிவேன், நீ அணியாதே” என்று ஒருவன் சொல்லும்போது பிறக்கிறது. அப்படிச் சொல்வதற்கு நூல் எழுதியவர்களும் உண்டு. மனுநூலின் இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். குருவிடம் பாடம் கேட்கச் செல்லும் சிறுவன் எதை மேலே போர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அங்கே விதி இருக்கிறது. பார்ப்பனச் சிறுவனுக்குக் கருமான் தோல். சத்திரியச் சிறுவனுக்குப் புள்ளிமான் தோல். வைசியச் சிறுவனுக்கு ஆட்டுத் தோல். இடுப்பில் கட்டும் கயிறுகூட ஒன்றல்ல. சாதிக்கொரு புல், சாதிக்கொரு நார். நான்காமவனின் மகனுக்கு என்ன தோல்? அவனுக்குத்தான் பாடமே இல்லையே. பாடம் இல்லாதவனுக்குப் போர்வை எதற்கு? பத்தாம் அத்தியாயமோ இன்னும் ஒரு படி கீழிறங்கி, சண்டாளன் என்று அது குறிப்பிடும் மனிதனுக்குப் பிணத்தின் மேல் கிடந்த துணியையே உடையாக விதிக்கிறது.

பள்ளிச் சீருடை என்று இன்று ஒன்றைச் சொல்கிறோமே, அதற்கு நேர் எதிரானது இது. ஒரே பாடத்துக்கு வந்த சிறுவர்களை, உடையைக் கண்டவுடனே பிரித்தறிய வேண்டும் என்பதற்காக வகுத்த வேறுடை!

✽

இந்த நோய் நமக்கு மட்டும் வந்ததோ என்று வருந்த வேண்டாம். கடலுக்கு அப்பாலும் இருந்தது. இங்கிலாந்தில் 1363-ஆம் ஆண்டு ஒரு சட்டம் செய்தார்கள். உழவன் என்ன துணி உடுத்தலாம், கைவினைஞன் என்ன துணி உடுத்தலாம், அவரவர் மனைவி மக்கள் எதை அணியலாம் என்று விலை குறித்து வரையறுத்த சட்டம் அது. இத்தகைய உடைச் சட்டங்கள் 1604-ஆம் ஆண்டுதான் அங்கே நீக்கப்பட்டன. சட்டம் போயிற்று, ஆனால், உடையைக்கொண்டு ஆளை அளக்கும் பழக்கம் போகவில்லை. அது பையன்களின் கோட்டுக்குள் புகுந்துகொண்டது.

அங்கே நெடுங்காலம் சின்னஞ்சிறு பையன்களுக்கும் பெண் குழந்தைகளைப் போலவே பாவாடை அங்கிதான் அணிவித்தார்கள். நான்கு வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையே ஒருநாள் அதைக் களைந்து, கால்சட்டை மாட்டுவார்கள். வீட்டிலே அது ஒரு விழா. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலே சிறுவர்க்கென்றே ஒரு சூட் தோன்றிற்று. இறுக்கமான குட்டைக் கோட்டு. அதனோடு பொத்தான்களால் பிணைத்த நீளக் கால்சட்டை. உடம்போடு ஒட்டிக் கிடந்ததால் ‘எலும்புக்கூட்டுச் சூட்’ என்று பெயர். சுமார் 1830 வரை அந்த நாகரிகம் நீடித்தது.

1846-ஆம் ஆண்டிலே அரசி விக்டோரியா, நான்கு வயது மகன் ஆல்பர்ட் எட்வர்டுக்குக் கப்பல் மாலுமியின் உடையைச் சிறிதாகத் தைத்து அணிவித்தார். விண்டர்ஹால்டர் என்ற ஓவியர் அதைப் படமாகத் தீட்டினார். நாளடைவில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளெல்லாம் மாலுமிகள் ஆகிவிட்டார்கள்! கயிறு இழுத்துக் கை காய்த்த தொழிலாளியின் உடை, அரண்மனைப் பிள்ளை அணிந்ததும் அழகாயிற்று. உடையிலே உயர்வுமில்லை, தாழ்வுமில்லை; அணிபவனைப் பார்த்துத்தான் உலகம் அதற்கு விலை போடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பிறகு வந்தது ஒரு கதை. பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட் என்ற அம்மையார் எழுதி 1886-இல் நூலாக வெளிவந்த ‘லிட்டில் லார்ட் பாண்டில்ராய்’. நியூயார்க்கில் மளிகைக் கடைக்காரரையும் செருப்புக்கு மெருகு போடும் பையனையும் நண்பர்களாகக்கொண்ட ஒரு சிறுவன், இங்கிலாந்தின் பிரபு ஒருவருக்கு வாரிசாகிறான். பிரபுவான பின்பும் பழைய நண்பர்களை அவன் மறக்கவில்லை. கதையின் பண்பு அது. தாய்மார்கள் எதை எடுத்துக்கொண்டார்கள்? படத்திலே அவன் அணிந்திருந்த கறுப்பு வெல்வெட்டுச் சூட்டையும் வெள்ளைச் சரிகைக் காலரையும் எடுத்துக்கொண்டார்கள். ஏழையோடு நட்பு என்ற பாடம் ஏட்டிலேயே தங்கிவிட்டது. வெல்வெட்டு மட்டும் வீட்டுக்கு வந்தது. ஈட்டன் பள்ளியிலோ, குட்டையான மாணவர்கள் இடுப்பளவோடு நின்ற கறுப்புக் கோட்டை 1967 வரை அணிந்தார்கள். அதே அமைப்பிலே கோட்டுத் தைத்து வேறு பல பள்ளிகளும் அணிவித்தன. கோட்டைக் கண்டால் குலம் தெரியும் என்ற ஏற்பாடு!

அந்த இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள்தாம் நம்மை ஆண்டார்கள். அவர்களின் அலுவலகங்களிலே எழுத்தராக அமர்ந்தவர்கள், வேட்டிக்கு மேல் கோட்டும் தலையிலே தலைப்பாகையும் அணிந்தார்கள். தந்தை அணிந்ததை மகனும் அணிந்து பள்ளிக்குப் போனான். ஜமீன்களின் வாரிசுகள் சிறுவர்களாக இருந்தபோது சொத்தை மேற்பார்த்த ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’, அவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சென்று நியூவிங்டன் மாளிகையிலே துரைமார் முறையில் வளர்த்தது. ஆங்கிலச் சிறுவனின் அரைக்கால் சட்டையும் வந்தது. ‘டவுசர்’ என்றும் ‘நிக்கர்’ என்றும் நம் நாவிலே புரள்பவை ஆங்கிலச் சொற்களே. 1851-இல் சிங்கர் உரிமம் பெற்ற தையல் இயந்திரம் நாளடைவில் ஊர்த் திண்ணைக்கு வந்ததும், சட்டை என்பது பட்டணத்துப் பொருளாக இல்லாமல் பட்டிக்காட்டுக்கும் எட்டும் பொருளாயிற்று.

இங்கேதான் தொல்லை தொடங்கிற்று. கோட்டு துரையின் உடையாக இருந்தவரை எவருக்கும் கவலையில்லை. மேல்சாதியான் அணிந்தபோதும் முணுமுணுப்பில்லை. சேரியிலிருந்து ஒருவன் சட்டை அணிந்து வந்தான். அப்போதுதான் தர்மம் நடுங்கிற்று!

✽

தென்கோடியிலே திருவிதாங்கூர் அரசில், மார்பை மறைக்க ஒரு குப்பாயம் அணிவதற்காகப் பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முழுதும் அடியும் உதையும் தீயும் கண்டபின், 1859 சூலையிலேதான் நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று அரசாணை வந்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது.

அந்த நிகழ்ச்சியை அறிந்தவர்கள் பலர். 1930-ஐ அறிந்தவர்கள் சிலரே. அந்த ஆண்டு டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்திலே, ஆதிக்கச் சாதியினர் ஆதித்திராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் தம் நூலிலே அவற்றை வரிசையாகப் பதிவு செய்துள்ளார். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. இடுப்புக்கு மேலே ஏறக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. மண் கலயம் தவிர வேறு கலம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. குடை கூடாது, செருப்புக் கூடாது!

கோட்டு, சட்டை, பனியன்! மூன்றையும் தனித்தனியே பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்களே, ஏன்? கோட்டைத் தடுத்தால் சட்டை அணிவான். சட்டையைத் தடுத்தால் பனியன் அணிவான். ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது என்று தேடித் தேடி அடைத்திருக்கிறார்கள். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன; தானியம் அழிக்கப்பட்டது; கால்நடைகள் கொள்ளை போயின. ஒரு முழத் துணியின் விலை ஒரு வீடு!

அதோடு நின்றார்களா? இல்லை. 1931 சூனில் மீண்டும் கூடி, தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். ஆதித்திராவிடர் பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுகளையே மேய்க்க வேண்டும் என்பவையும் அவற்றில் இருந்தன. சட்டைக்குப் பின்னாலே பள்ளிக்கூடம் வருகிறது என்பதை அவர்கள் நன்றாகத்தான் உணர்ந்திருந்தார்கள். இன்று சட்டை போடுபவன் நாளை சிலேட்டு எடுப்பான்; சிலேட்டு எடுப்பவன் நாளை மறுநாள் கணக்குக் கேட்பான். ஆகவே, சட்டையிலேயே தடுத்துவிடு! மனுநூலின் மான்தோல் விதியும் மிராசுதாரின் பனியன் தடையும் ஒரே நூலிலே நூற்றவைதாம்.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், இராமநாதபுரத்துக்குப் பக்கத்திலுள்ள மதுரையிலே, காந்தியார் தம் சட்டையையும் நீண்ட வேட்டியையும் களைந்து முழத்துண்டு கட்டினார். ஏழையின் கோலத்தை ஏற்றார் என்று நாடு போற்றிற்று. அவருடைய இரக்கத்தை நாம் ஐயுறவில்லை. இளமையிலே இலண்டன் சென்றபோது பாண்டு தெருவிலே பத்துப் பவுன் கொடுத்து மாலைநேரச் சூட் தைத்துக்கொண்டதை அவரே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். உடையின் ஏற்றமும் எளிமையும் அவர் இரண்டும் கண்டவர். ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அணியும் உரிமை உள்ளவன் களைந்தால் அது துறவு. அணியும் உரிமையே இல்லாதவனிடம் களையச் சொன்னால் அது கொடுமை. துறவுக்குச் சிலை வைத்த நாடு, கொடுமைக்குக் கணக்கு வைக்கவில்லை.

✽

“சட்டை அணிந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடுமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை ஒரு பத்து வயதுச் சிறுவனின் வாழ்விலே இருக்கிறது.

ஆண்டு 1901. மராட்டிய நாட்டின் சதாராவிலிருந்து நான்கு பையன்கள் புறப்படுகிறார்கள். தந்தை வேலை பார்க்கும் ஊரிலே கோடை விடுமுறையைக் கழிக்கப் போகிறார்கள். முதல் இரயில் பயணம். ஆகவே ஆங்கிலப் பாணியில் தைத்த புதுச் சட்டை, மணி பதித்த தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. மசூர் நிலையத்திலே இறங்குகிறார்கள். அழைத்துப் போக எவரும் வரவில்லை. நிலைய அதிகாரி வருகிறார், பார்க்கிறார், பரிவோடு பேசுகிறார். உடையைப் பார்த்துப் பார்ப்பனப் பிள்ளைகள் என்றே அவர் முடிவு செய்துவிட்டார். “நீங்கள் யார்?” என்று கேட்கிறார். “மகர்” என்று ஒரு பையன் உண்மையைச் சொல்கிறான். அவ்வளவுதான்! முகம் மாறுகிறது, அறைக்குள் திரும்பிப் போய்விடுகிறார்.

வண்டிக்காரர் எவரும் ஏற்றிக்கொள்ள முன்வரவில்லை. கடைசியிலே இரட்டை வாடகைக்கு ஒருவர் இசைந்தார். அதுவும் பையன்களே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் கூட நடந்து வருவார் என்ற ஏற்பாட்டோடு. இரவெல்லாம் உணவு கையிலிருந்தும் உண்ண முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுப்பார் இல்லை. அந்தப் பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அம்பேத்கர். அவரே எழுதிவைத்த செய்தி இது.

புதுச்சட்டை மாறவில்லை; தொப்பி மாறவில்லை; நின்ற இடம் மாறவில்லை; ஒரு சொல் மாற்றிவிட்டது. சட்டை போட்ட பிள்ளையைச் சமுதாயம் சட்டை செய்யவில்லை! ஆடை பாதி என்ற பழமொழி பொய்த்தது அங்கே. ஆள் பாதியுமில்லை, ஆடை பாதியுமில்லை. சாதியே முழுதும் என்றாயிற்று.

அப்படியானால் சட்டையால் பயனில்லை என்று அம்பேத்கர் முடிவு கட்டினாரா? இல்லை. பெரும்பாலும் கோட்டும் சூட்டுமாகவே பொதுமேடையில் நின்றார். நம் ஊர்களில் நிற்கும் அவருடைய சிலைகளைப் பாருங்கள். நீலக் கோட்டு, கழுத்துப்பட்டை, கையிலே நூல். வெயில் நாட்டிலே கோட்டு எதற்கு என்று அந்தச் சிலையைப் பார்த்துக் கேட்பவன், 1930-இன் மூன்றாம் தடையைப் படிக்காதவன். அது குளிருக்கு அணிந்த கோட்டல்ல. கூடாது என்றவனுக்கு விடையாக அணிந்த கோட்டு.

✽

இனி நம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் வருவோம். நெடுங்காலம் திருச்சி மாவட்டத்தின் ஓரத்திலே கிடந்து, பெரம்பலூர் 1995-இலும், அரியலூர் முடிவாக 2007-இலும் தனி மாவட்டமாயின. பெரம்பலூரின் கரிசல் பருத்திக்குப் பெயர் பெற்றது. ஜெயங்கொண்டத்தைச் சுற்றிய ஊர்களிலே கைத்தறி ஓடுகிறது. பஞ்சு விளையும் மண். நெசவு தெரிந்த கை. ஆயினும் பஞ்சு எடுத்தவளின் மகனுக்குப் பள்ளிக்குப் போட்டுச் செல்லச் சட்டை இல்லாத காலம் நெடியது. அரைஞாண் கயிறு, வளர்ந்தால் கோவணம், பள்ளிக்கூடம் என்று ஒன்று கிட்டினால் அரைக்கால் சட்டை. இதுவே ஏழைப் பையனின் உடை வரலாறு. தைத்தாலும், “வளரும் பிள்ளை, தாராளமாக வையுங்கள்” என்று சொல்லித்தான் தைப்பார்கள். தோளிலிருந்து நழுவும் சட்டைக்குள் பிள்ளை வளர்வதற்கு முன்பே சட்டை கிழிந்துவிடும், கிழிந்தது தம்பிக்கு.

தையற்கடையிலே இன்னொரு பையனையும் காணலாம். பள்ளி நேரத்திலே பலகையில் குந்தி, ஊசியால் பொத்தான் துளைக்கு நூல் சுற்றும் காஜாப் பையன். எத்தனையோ பிள்ளைகளின் தீபாவளிச் சட்டைக்குக் காஜா எடுத்தவன் அவன். அவன் படிப்புக்கு ஓட்டை விழுந்ததை எவரும் தைக்கவில்லை. சிறுவர் உடையின் வரலாற்றை எழுதுவோர், உடுத்திய சிறுவனை மட்டும் எழுதி, தைத்த சிறுவனை விட்டுவிட்டால், அது அரைக்கை வைத்த வரலாறு.

இந்த நிலையை மாற்றியது எது? ஒரு வீட்டுப் பெருமை மாற்றவில்லை. பொதுப் பணம் மாற்றிற்று. 1956-இல் காமராசர் ஆட்சியில் பள்ளியிலே பகலுணவு பரவத் தொடங்கிற்று. வயிற்றுக்குச் சோறு கிடைத்ததும் அடுத்த கேள்வி எழுந்தது: எதை உடுத்திக்கொண்டு வருவான்? அந்த ஆண்டுகளில் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலே, ஊரார் கட்டடத்துக்கும் நாற்காலிக்கும் கொடுத்ததோடு பிள்ளைகளின் சீருடைக்கும் கொடுத்தார்கள். பின்னர் அரசே அதனை ஏற்றது. 2012–13 கல்வியாண்டு முதல், சத்துணவு உண்ணும் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடை. துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்கின்றன. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். நெய்தவர்க்கும் கூலி, தைத்தவர்க்கும் கூலி, அணிபவர்க்கு மானம்.

ஈட்டன் கோட்டையும் வெல்வெட்டுச் சூட்டையும் எழுதும் உடை வரலாற்று ஏடுகளில் இந்த நான்கு இணைக்கு இடமிருக்காது. அதிலே சரிகை இல்லை, பளபளப்பு இல்லை. ஆனால் ‘கோட்டு, சட்டை, பனியன் கூடாது’ என்ற தமிழ்நாட்டிலே, மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே நிறத்தில் ஒரே வரிசையில் நிற்பதைவிடப் பெரிய நாகரிகம் எது? மேலாடைக்காகத் தாய்மார் தீயிலே நடந்த நாட்டிலே, அரசுப் பள்ளிப் பெண்கள் சுரிதாருக்கு மேல் ஓவர்கோட்டு அணிந்து மிதிவண்டியிலே செல்கிறார்கள். கோட்டு பெண்ணுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதுவல்லவோ வரலாறு!

✽

வெற்றி விழா கொண்டாடிவிடலாமா? பொறுங்கள். சட்டையை ஒன்றாக்கினோம், மணிக்கட்டைப் பார்த்தீர்களா?

ஒரே சீருடை அணிந்த மாணவர்களின் கையிலே, நிறம் நிறமாகக் கயிறு. மஞ்சள் என்றால் ஒரு சாதி, பச்சை என்றால் ஒரு சாதி, சிவப்பு என்றால் ஒரு சாதி. சட்டையால் மறைந்துவிட்ட பிரிவைக் கயிற்றால் கண்டுபிடிக்கும் கலையை எவரோ பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். 2023 ஆகஸ்டிலே நாங்குநேரியில், பட்டியலினத்து மாணவர் ஒருவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பின், தமிழ்நாடு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தது. 2024 சூனில் தரப்பட்ட அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை வந்தவுடன், மதத்திலே கை வைக்கிறார்கள் என்று எழுந்த கூச்சலையும் கேட்டோம்.

மனுநூல் சொன்னதை மறுபடி நினைவுகூருங்கள்: சாதிக்கொரு தோல், சாதிக்கொரு கயிறு. தோல் போயிற்று, கயிறு திரும்பி வந்திருக்கிறது. இடுப்பிலே கட்டியது மணிக்கட்டுக்கு ஏறியிருக்கிறது, அவ்வளவே வளர்ச்சி!

வேறொரு பிரிவும் நம் கண்முன்னே வளர்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சட்டையும் கால்சட்டையும். கட்டணப் பள்ளிப் பிள்ளைக்குக் கழுத்துப்பட்டை, இடைவார், பூட்சு, சில இடங்களிலே மேல் கோட்டும். கரிசல் வெயிலிலே கழுத்தை இறுக்கும் அந்தப் பட்டை அறிவை வளர்க்கிறதா? இல்லை. “நாங்கள் வேறு” என்று அறிவிக்கிறது. ஈட்டன் கோட்டு செய்த வேலையை அது செய்கிறது. 1604-இல் இங்கிலாந்து எடுத்துவிட்ட சட்டத்தை நாம் பணங்கட்டி வாங்கிக்கொள்கிறோம்.

அப்படியானால், திருமண மண்டபத்திலே வியர்த்து நிற்கும் அந்த ஐந்து வயதுச் சிறுவனை என்ன செய்வது? அவன் கோட்டைக் கண்டு சிரிப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. அவனுடைய பாட்டனுக்குச் சட்டை கிடைக்காமல் இருந்திருக்கலாம். கிடைத்தும் அணியவிடாமல் தடுத்திருக்கலாம். ஊரார் முன்னிலையிலே பேரனுக்குக் கோட்டு மாட்டிப் பார்க்கும் ஆசை வெறும் பகட்டு அல்ல. மூன்று தலைமுறையின் ஏக்கம் அதற்குள் உள்துணியாகத் தைக்கப்பட்டிருக்கிறது. அதே நேரத்தில், கடன் வாங்கி வாடகைக்கு எடுத்த பாலியஸ்டர் கோட்டுக்குள், தோலெல்லாம் வேர்க்குரு வெடிக்கப் பிள்ளையை நிறுத்துவதும் பகுத்தறிவாகாது. பருத்தி விளையும் ஊரிலே, காற்றுப் புகும் பருத்திச் சட்டைக்கு என்ன குறை? அணியும் உரிமையை வென்றவர்களுக்கு, வேண்டாதபோது களையும் அறிவும் வேண்டும். உரிமை என்பது கோட்டு அல்ல. கோட்டோ, சட்டையோ, எதை அணிவது என்பதை நாமே முடிவு செய்வது.

இளைஞர்களே! உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். சீருடை உரிய காலத்தில் வந்ததா, அளவு பொருந்துகிறதா என்று கேளுங்கள். தையற்கடைகளிலே, பள்ளியிலே இருக்க வேண்டிய காஜாப் பையன் எவனாவது குந்தியிருக்கிறானா என்று பாருங்கள். இருந்தால், அவன் கை ஊசியை வாங்கிவைத்து எழுதுகோலைக் கொடுங்கள். தம்பிமார் கையிலே சாதிக் கயிறு இருந்தால், அதட்டி அறுக்காதீர்கள். அது எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றைச் சொல்லுங்கள். வரலாறு தெரிந்தவன் தானே அவிழ்ப்பான். அதட்டலுக்கு அவிழ்த்தவன் அடுத்த தெருவிலே மறுபடி கட்டிக்கொள்வான்.

எல்லோருக்கும் சட்டை தைத்துக் கொடுக்கத் தறியும் ஊசியும் போதும். அது ஆட்சியால் ஆகும். சட்டைக்குள் இருக்கும் மனிதனைச் சட்டை செய்யும் உள்ளத்தை எந்தத் தறியும் நெய்யாது. அதை நாம்தாம் நெய்ய வேண்டும். முதல் வேலை பெருமளவு முடிந்தது. இரண்டாம் வேலைக்கு இப்போதுதான் அளவெடுத்திருக்கிறோம்.